மஞ்சள் ட்ரில்

“அந்த மஞ்சள வைடா கீழ!”

கோகிலனின் ஹாட்வெயார் கடை வாசலிலிருந்தே ஆதம்பாவா ஹாஜியார் போட்ட சத்தத்தில், தச்சுவேலை செய்யும் ஓடாவி றிம்சான் கையிலிருந்த மஞ்சள் ட்ரில்லைக் கவுண்டரில் வைத்துவிட்டான்.

கல்முனையில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. ஹாஜியார் மகளுக்குக் கட்டும் வீடு முடிகிற நேரம். கதவு, ஜன்னல் வேலை முழுக்க றிம்சானுக்கென்று பேச்சு. ஒரு ஆணி வளைந்தாலும் மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டுவிடும் என்று ஹாஜியாருக்கு ஒரே யோசனை.

“இதாலயா என்ட மகள்ர வீட்டு நிலையில ஓட்ட போடப்போறாய்?”

“பழைய ட்ரில் எரிஞ்சிட்டு ஹாஜியார். இப்ப கையில இரிக்கிறதுக்கு இதத்தான் வாங்க ஏலும்.”

“மலிவுக்கு ஆசப்பட்டா எரியாம என்ன செய்யும்? தம்பி கோகிலன், இந்த மஞ்சளுக்கு எத்தின மாசம் வாரண்டி?”

“ஆறு மாசம் ஹாஜியார்.”

“கேட்டியா? ஆறு மாசம்! ஏழாம் மாசம் இது மையத்து. அந்த ஜப்பான் ட்ரில்ல எடு தம்பி. மனே, கையில பிடிச்சிப் பாரு. இது உன்ட பேரன் காலத்துக்கும் ஓடும். என்ட வீட்டுக்குள்ள மலிவுச் சாமான் ஒண்டயும் நான் ஏத்திறல்ல. ஃபேன், தண்ணி மோட்டர், மிக்ஸி எல்லாம் பேர் சொல்ற சாமான்.”

அது உண்மைதான். வீட்டுக்குப் போனால் பேரோடு சேர்த்து விலையையும் சொல்வார்.

“கொஞ்சம் யோசிக்கணும் ஹாஜியார். மகளுக்கு சைக்கிள் எடுக்க வெச்ச காசையும் போட்டாத்தான் இத எடுக்க ஏலும்.”

“நல்லா யோசி. நீ யோசிச்சி முடிக்கிறதுக்குள்ள நான் பொத்துவிலால ஒரு ஓடாவியக் கூட்டி வாறன்.”

மழைக்காலம் முழுக்க றிம்சானின் குடும்பத்துக்குச் சோறு போடுகிற வேலை அது. சைக்கிள் காசு சட்டைப் பையிலிருந்து கவுண்டருக்கு வந்தது. அவன் முகத்தைப் பார்க்கக் கோகிலனுக்குப் பாவமாக இருந்தது. கேட்காமலே விலையில் கொஞ்சம் குறைத்தான்.

“இப்பதான்டா நீ ஓடாவி!” ஹாஜியார் றிம்சானின் முதுகில் தட்டினார். பிறகு கோகிலன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, எனக்கும் ஒரு ட்ரில் வேணும். பள்ளிக்கு.”

“பள்ளிவாசலுக்கா?”

“ஓம். ஒரு ஃபேன் மாட்டவும் ஊரெல்லாம் இரவல் கேட்டுத் திரியிறாங்க. என்ட உம்மா மௌத்தாகி வருசம் வரப்போகுது. அவட பேர்ல ஸதகத்துல் ஜாரியாவாக் குடுப்பம் எண்டு நிய்யத்து வெச்சிட்டன்.”

பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்பைச் சேர்ந்த கோகிலனுக்கு ஸதகத்துல் ஜாரியா என்ற சொல் காதில் விழுந்து பழக்கம், அர்த்தம் தெரியாது. “அப்பிடியெண்டா என்ன ஹாஜியார்?”

விளக்கம் சொல்ல ஆள் கிடைத்தால் ஹாஜியாருக்கு வேறென்ன வேண்டும்? கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நிலைச்சி நிக்கிற தர்மம் தம்பி. ஒரு கிணறு வெட்டிக் குடுத்தா, அதில தண்ணி இரிக்கிற காலமெல்லாம் நன்மை வந்துக்கிட்டே இரிக்கும். இதுவும் அப்பிடித்தான். இந்த ட்ரில் பள்ளியில வேலை செய்யிற காலமெல்லாம் உம்மாட கபுறுக்கு நன்மை போகும். மெசின் நிண்டா அதுவும் நிண்டிரும்.”

சொல்லும்போதே குரல் தழுதழுத்தது. “என்ன வளக்க அவ பட்ட பாடு கொஞ்சமா? எவ்வளவு செஞ்சாலும் காணாது, போதாது தம்பி.”

லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பொய்க் கண்ணீர் என்று சொல்லிவிட முடியாது. கோகிலனுக்கே நெஞ்சு இளகிவிட்டது. இன்னொரு ஜப்பான் ட்ரில்லை இறக்கித் தூசு தட்டினான்.

“அது என்னத்துக்கு?” கண் துடைத்த லேஞ்சியாலேயே ஹாஜியார் கவுண்டரைக் காட்டினார். “அந்த மஞ்சளக் கட்டு. பள்ளிக்குத்தானே. பெட்டிக்கு மேல உம்மாட பேரையும் என்ட பேரையும் பெருசா எழுதிரு.”

றிம்சான் தன் கையிலிருந்த ஜப்பான் ட்ரில்லைப் பார்த்தான். ஹாஜியாரைப் பார்த்தான்.

கோகிலன் மஞ்சள் ட்ரில்லைப் பெட்டிக்குள் வைத்து இரண்டு பேரையும் எழுதினான். பிறகு, தெரியாததைத் தெரிந்துகொள்ளும் மரியாதையோடுதான் கேட்டான்:

“அப்ப உம்மாக்கு ஆறு மாசம் காணுமா, ஹாஜியார்?”