அதே மூக்கு

"இந்தச் சிலைய நல்லாப் பாருங்க. அப்புறம் என்னைப் பாருங்க. மூக்கு ஒண்ணா இருக்கா இல்லையா?"

மாப்பிள்ளையின் அப்பா சிலைக்கு அருகில் போய்ப் பக்கவாட்டில் திரும்பி நின்றார். பெண்ணின் அம்மா பார்த்தாள். சிலையின் மூக்கு நுனி உடைந்திருந்தது. தலையில் புறாக்கள் பரம்பரை மரியாதை பாராமல் தங்கள் வேலையை முடித்திருந்தன.

"அச்சு அசல் அப்படியே இருக்குங்க" என்றாள். நிச்சயமாகும் முன்பே அவரை மனதுக்குள் சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

"எங்க கொள்ளுத்தாத்தா. அப்பாவோட அப்பாவோட அப்பா. இந்தப் பூங்காவே அவர் போட்டதுதான். ஒரு காலத்துல இந்தக் குன்று மேல எங்க குடும்பத்த விட்டா வேற நாதி கிடையாது."

குன்றின் உச்சியில், மாளிகைகளுக்கு நடுவே இருந்தது அந்தப் பழைய பூங்கா. வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறது, பேச்சை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் வரச் சொல்லியிருந்தார். கீழே விரிந்து கிடந்த நகரத்தில் தங்கள் வீடு தெரிகிறதா என்று அவள் தேடினாள். நல்லவேளை, தெரியவில்லை.

பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் அவள் கணவர், வந்ததும் சிலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றிருந்தார்.

"பொண்ணு வேலைக்குப் போகுதுல்ல?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"பல் டாக்டருங்க. சொந்தமா கிளினிக் வெச்சிருக்கா."

"அத மூடிடச் சொல்லுங்க. இந்தப் பரம்பரையில பொம்பளைங்க அடுத்தவங்க வாய்ல கைய விட்டதில்ல."

"அதுக்கென்னங்க, மூடிடலாம்."

மகளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. குன்றின் மேல் வாழப் போகிறவளுக்குக் கிளினிக் எதற்கு?

அப்போதுதான் கணவர் தொண்டையைக் கனைத்தார். "சார், நீங்க இவருக்கு நேர் வாரிசா?"

"அதுல என்ன சந்தேகம்? நேர் ஆண் வாரிசு."

"எனக்கும் இவர்தான் சார் கொள்ளுத்தாத்தா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்க தாத்தா சின்னவர். அண்ணன்கிட்ட சண்ட போட்டுக்கிட்டு குன்ற விட்டு இறங்கிட்டார். பெரியவர் வழியில யாரு எங்க இருக்காங்கன்னு தெரியாமலே இருந்துச்சு. இன்னிக்குக் கண்டுபிடிச்சிட்டேன்." சம்பந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நாம பங்காளிங்க. உங்க பையன் என் பொண்ணுக்கு அண்ணன் முறை. இந்தக் கல்யாணத்த எப்படிண்ணே பண்றது?"

சம்பந்தியின் முகம் பேயறைந்தது போல ஆனது. "இல்ல, அது வந்து... கொஞ்சம் சுத்தி வளைச்சு, தூரத்துச் சொந்தம்தான்..."

"நேர் வாரிசுன்னீங்களே அண்ணே. மூக்கு பொய் சொல்லுமா?"

மாப்பிள்ளையின் அம்மா புருஷனை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். சொன்னதை வாபஸ் வாங்கினால் மானம் போகும். வாங்காவிட்டால் பல் டாக்டர் போவாள். அவர் மானத்தை வைத்துக்கொண்டார். "நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது தம்பி" என்று முணுமுணுத்துவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து வேகமாக நடந்தார்.

கைக்கு எட்டிய சம்பந்தம் போய்விட்டதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கல்படிகளில் இறங்க இறங்க அந்தக் கோபம் வேறு மாதிரி ஆனது.

"இத்தன வருஷமாக் குடும்பம் நடத்தறேன். இவ்ளோ பெரிய வம்சம்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

அவள் நின்று, சிலையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் தாடை, அந்த அழுத்தமான உதடு. அடடா, இவரேதான்.

"எங்க அக்கா கேட்டா வயிறெரிஞ்சு போவா. ஏங்க, சிலையோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"தாராளமா எடுத்துக்கலாம்" என்றார் கணவர். "பின்பக்கமாப் போய் நில்லு. கடைசி வரைக்கும் கல்யாணமே பண்ணிக்காம, ஒரு வாரிசும் இல்லாததாலதான் மனுஷன் இந்தத் தோட்டத்த ஊருக்கு எழுதி வெச்சார்னு அங்கதான் கல்லுல வெட்டியிருக்கு."