அம்மி உடைத்த மருமகள்

அன்னமுத்துவின் அம்மியை மருமகள் உடைத்துப்போட்டாளாம். இறுப்பிட்டி ஊர் முழுக்க இதுதான் கதை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ஆளுக்கொரு கருங்கல் துண்டோடு வந்து, "இது ரீச்சர் வீட்டு அம்மி" என்று பெருமையாகக் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா?

முதலில் ஓடி வந்தவள் பக்கத்து வளவுத் தயானி. செத்தவீட்டுக்கு வந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டு குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். அம்மி இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

"என்ன அன்னமுத்தக்கா இது? அடிமேல் அடி அடிச்சால் அம்மியும் நகரும் எண்டுவினம். நொருங்கும் எண்டு இண்டைக்குத்தான் காணுறன்."

"ஓம் தயானி. நொருங்கிப்போச்சு," என்றாள் அன்னமுத்து.

"நீங்கள் கலியாணத்தண்டு மிதிச்ச அம்மியல்லோ?"

"அதேதான்."

தயானிக்கு வயிறு பற்றி எரிந்தது. அடுத்த வீட்டு அநியாயத்துக்கு எரிவதற்கென்றே சிலருக்குத் தனியாக ஒரு வயிறு இருக்கிறது.

"அரைக்கப் பஞ்சி, வேற என்ன? படிச்ச பெட்டைக்குச் சம்பல் அரைச்சால் கை நொந்துபோம். கிரைண்டர் வேணுமெண்டால் வாயைத் திறந்து கேட்கிறது. அதுக்கு அம்மியை உடைக்கிறதோ?"

அன்னமுத்து முற்றத்துக் கோழியைத் துரத்தப் போய்விட்டாள். பாவம், மனம் நொந்துபோய்க் கிடக்கிறாள் என்று தயானி நினைத்துக்கொண்டாள்.

மருமகள் சுலக்சனா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். பின்னேரம் அவள் வந்தபோதும் தயானி போயிருக்கவில்லை. துணைக்கு இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்திருந்தார்கள். சுலக்சனா தூக்க முடியாமல் தூக்கி வந்த உரப்பையைக் கீழே வைத்தாள். உள்ளே கல் கலகலத்தது.

"அது அம்மிதானே, ரீச்சர்?"

"ஓம் அக்கா."

"வெட்கமில்லாமல் ஓம் எண்டுறீர்."

சுலக்சனா களைத்துப்போய்க் கதிரையில் இருந்தாள்.

"நாளைக்கு எங்கட பள்ளிக்கூடத்தில தீவுப்பகுதி விஞ்ஞான ஆசிரியர்மாருக்குப் பயிற்சி. பாறைப் பாடம். நான்தான் நடத்தவேணும். மாகாணக் கல்வித் திணைக்களத்தில இருந்து விதவிதமான கல்லுத் துண்டு வைச்ச பெட்டி வருகுதுதான், ஆனால் அடுத்த தவணைக்குத்தான் வரும்."

"அதுக்கு?"

"எங்கட தீவில வேற கல்லு எங்க கிடக்கு, அக்கா? கிணறு வெட்டினாலும் சுண்ணாம்புக்கல்லு, மதில் கட்டினாலும் சுண்ணாம்புக்கல்லு. அம்மிக்கல்லு மாதிரி உருமாறிய பாறை எண்டால் பிள்ளையளுக்குப் புத்தகத்தில படம்தான். இண்டைக்குத்தான் முதல்முதல் கையில வைச்சுப் பாத்ததுகள். சுண்ணாம்புக்கல்லில தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்குது, அம்மித் துண்டில நுரைக்கேல்லை. ஏன் மிஸ், ஏன் மிஸ் எண்டு என்னை விடேல்லை."

சொல்லும்போதே அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தயானிக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"ரோட்டுக்குப் போட்டதும் கருங்கல்லுத்தானே. அது கண்ணில படேல்லையோ?"

"அது தாரோட ஒட்டிக் கிடக்கு. புதிசா உடைச்சால்தான் உள்ளுக்கு மினுங்கிற வரி தெரியும். நாளைக்குப் பயிற்சி சரிவராட்டில் இனி ரவுண் பள்ளிக்கூடத்திலதான் வைப்பினம். நெடுந்தீவு, நயினாதீவு ரீச்சர்மார் வள்ளம் ஏறி, பஸ் ஏறி அவ்வளவு தூரம் போய்வர ஏலாது. பிறகு அந்தப் பிள்ளையளுக்குப் படம்தான்."

"நல்ல விஷயம். அதுக்கு மாமியின்ர கலியாண அம்மியோ கிடைச்சது? உம்மட தாய்வீட்டு அம்மியை உடைச்சிருக்கலாமே."

அன்னமுத்து அப்போதுதான் வாயைத் திறந்தாள். "இஞ்சை பார் தயானி, அது வந்து..."

"மாமி, நீங்கள் பேசாமல் இருங்கோ," என்று சுலக்சனா சட்டென்று குறுக்கிட்டாள். "என்னாலதான் உடைஞ்சது, அக்கா. ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ."

"மாமியாரை வாய் திறக்கவும் விடுறாளில்லை," என்று வந்திருந்தவர்களில் ஒருத்தி மற்றவளின் காதைக் கடித்தாள்.

இதைவிடப் பெரிய சாட்சி ஊருக்குத் தேவையில்லை. படலையடியில் தயானி அன்னமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிநாட்டில இருந்து மகன் ரெலிபோன் எடுத்தால் ஒண்டையும் மறைக்காதேங்கோ. பயப்பிடாதேங்கோ, நாங்கள் இருக்கிறம்."

"சரி, சொல்லுறன்," என்றாள் அன்னமுத்து.

அவர்கள் தலை மறைந்ததும் சுலக்சனா பையைக் கொட்டித் துண்டுகளைப் பிரித்தாள். வரும் ஆசிரியர்கள் தங்கள் தங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக ஒவ்வொரு துண்டு தருவதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் ஆசையோடு கை நீட்டிய பிள்ளைகளுக்கு இல்லையென்று சொல்ல மனம் வராமல் பாதியைக் கொடுத்து முடித்திருந்தாள்.

"காணாது மாமி." அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. "கடைசியில நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும்தான் இல்லாமல் போகப்போகுது. என்ன செய்யிறது, அவைக்குப் படத்தைக் காட்டிச் சமாளிப்பம்."

"படத்தில கிடக்கிற மிளகாய் உறைக்குமோ?" என்று கேட்டுவிட்டு அன்னமுத்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போனாள். திரும்பி வரும்போது கையில் கல்லுடைக்கிற இரும்பு அலவாங்கு இருந்தது.

"நேற்று அம்மியை மட்டும்தானே உடைச்சனான், பிள்ளை. குழவி இன்னும் முழுசாக் கிடக்கு. கொஞ்சம் விலகி நில்."