பெயர்த்தாள்

"மார்ச் 4. நுழைவுக் கட்டணமில்லாத சிறுகதைப் போட்டி ஒன்றுக்குச் சென்ற வாரம் கதையை அனுப்பினேன்; இது எனக்குப் பதினோராவது போட்டி. பெயர் எழுதிய தனித்தாளை உறைக்குள் வைக்க மறந்துவிட்டேன்." மாலை வகுப்பில் அல்லி நாட்குறிப்பில் எழுதினாள். கதைத்தாளில் பெயர் இருக்கக் கூடாது என்பது போட்டி விதி.

பக்கத்திலிருந்த நர்கீஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அனாதையா அனுப்பிட்டியேடி! ஜெயிச்சா நானே போய் என்னோடதுன்னு சொல்லிடுவேன்."

வீடு திரும்பும் பேருந்தில் அல்லி கண்ணயர்ந்தாள். நடுவர் மேசைமேல் அவள் கதை, திருவிழாவில் தொலைந்த குழந்தைபோல் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "யாரு பெத்த புள்ள இது?" என்று ஒலிபெருக்கி கேட்டது. இவ்வளவு அழகான பிள்ளை தன்னுடையதாக இருக்குமா என்ற சந்தேகத்தில், கூட்டத்தில் நின்ற அல்லி கையைத் தூக்கவில்லை. குழந்தையோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

விழித்ததும் பதிவின் கீழே எழுதினாள்: "நாளை கடைசி நாள். காலை ஆறு மணிப் பேருந்தில் போட்டி அலுவலகத்துக்குப் போய்ப் பெயர்த்தாளை நேரில் கொடுக்க வேண்டும். அடையாளம் கேட்டால் கதையின் முதல் வரியைச் சொல்ல வேண்டும்."