முப்பது சதவீதச் சேமிப்பு

வெறும் தாளைக் கண்டதும் மேலாளருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

பயிற்சிக்குச் சேர்ந்து நாலு மாதமான பன்னிரண்டு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இன்றைய மதிப்பெண்ணை வைத்துத்தான் யாருக்கு வேலை நிரந்தரம், யாருக்குப் பெரிய கும்பிடு என்று முடிவாகும். பாடம், இளைஞர்களின் பண நலம். போன மாதச் சம்பளத்தை எப்படிச் செலவு செய்தீர்கள் என்று ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்லியிருந்தார். தலைமை அலுவலகம் அனுப்பிய படிவம். வருகிற காகிதத்தைப் படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவருக்குக் கிடையாது.

பதினோரு பேர் மளமளவென்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கண்ணாடி போட்ட பையன் முப்பது சதவீதம் சேமித்திருந்தான். முன்வரிசைப் பெண் நாற்பது. போதாததற்கு அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு வேறு. மேலாளர் உருகிப்போய் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

கடைசி வரிசைப் பெண் மட்டும் பெயரை எழுதியதோடு சரி.

அவளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கூட்டம் முடிந்ததும் மிச்ச பிஸ்கட்டைப் பையில் போட்டுக்கொள்கிறவள். போன வாரம் அறுந்த செருப்பில் ஊக்கு மாட்டிக்கொண்டு வந்தாள். கையில் காசு தங்காத ஜென்மம் என்று அன்றைக்கே கணித்துவிட்டார்.

"எழுந்திரும்மா. சம்பளம் வந்த மறுநாளே காலி, அதானே? எழுத வெட்கமா இருக்கா?"

அவள் எழுந்து நின்றாள். மேலாளர் விடவில்லை. சிறுதுளி பெருவெள்ளம் என்றார். வரவு தெரியாமல் செலவு செய்கிறவர்கள் உருப்பட்டதில்லை என்றார். பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஒரு சைபர் போட்டு, அவளுக்குத் தெரியும்படி தூக்கியும் காட்டினார்.

"இவங்களும் உன் வயசுதான், உன்னோட சேர்ந்தவங்கதான். இவங்களால மட்டும் எப்படி முடிஞ்சுது? கேட்டுத் தெரிஞ்சுக்கோ."

பதினோரு தலைகளும் குனிந்தன. அடக்கம் என்று நினைத்து மேலாளர் பூரித்தார்.

சைபரைப் பார்த்துவிட்ட பிறகு அவளுக்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை.

"அதைத்தான் சார் நானும் கேக்கணும்னு இருந்தேன். பயிற்சி முடியற வரைக்கும் யாருக்கும் சம்பளம் கிடையாதுன்னு, சேர்ந்த அன்னிக்கு நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் கடிதம் குடுத்தீங்க? இவங்க எந்தச் சம்பளத்துல சேமிச்சாங்கன்னு சொல்லுங்க, நானும் எழுதிக் குடுத்துடறேன்."