றிக்தர் பிறைவேற் லிமிட்டெட்

"செத்த ஆளை டைரக்டராப் போட ஏலாது அக்கா," என்றாள் நஸ்ரியா. "சட்டம் விடாது."

நிரோஷினிக்கு முகம் விழுந்துவிட்டது. பாலையூற்றில் பஸ் ஏறும்போதே மனதுக்குள் எல்லாம் தீர்மானித்துக்கொண்டு வந்தவள் அவள்: முதலாவது டைரக்டர் றிக்சன், இரண்டாவது தான். உட்துறைமுக வீதியில் கொம்பனி பதிந்து கொடுக்கும் நஸ்ரியா எத்தனையோ விதமான ஆட்களைக் கண்டிருக்கிறாள். செத்த புருஷனைக் கூட்டுச் சேர்க்க வந்த முதல் ஆள் இவள்தான்.

"டைரக்டர் உயிரோட இருக்கவேணும், சம்மதமெண்டு கையெழுத்து வைக்கவேணும். ஒராள் காணும். நீங்களே டைரக்டர், பங்கு முழுக்க உங்கட பேரில. செக்ரட்டரியா நான் நிக்கிறன்."

"நட்டம் வந்தால் வீட்டைப் பிடிப்பாங்களோ தங்கச்சி?"

"கொம்பனி வேற, நீங்கள் வேற. பங்குக்குப் போட்ட காசு போனால் போகும். நீங்களாப் பிணை நிக்காத வரைக்கும் வீட்டில ஒருத்தரும் கைவைக்க ஏலாது. லிமிட்டெட் எண்டுறது அதுக்குத்தான்."

நிரோஷினி பெருமூச்சு விட்டாள். இந்த ஞானம் றிக்சனுக்கு இருந்திருந்தால்! படகையும் எஞ்சினையும் தன் பேரில் கடனுக்கு எடுத்தவன் அவன். பிணைக்கு நின்றவள் இவள். கடன் கொடுத்தவன் கூப்பிட்டாலும் றிக்சன் ஃபோனில் "சொல்லுங்கோ, ராசா" என்றுதான் தொடங்குவான். அந்த வாய்க்கே பாதிப் பேர் மறுபடியும் கடன் கொடுத்தார்கள்.

ஒரு நாள் கொட்டியாரக் குடாவில் படகு மட்டும் தனியே மிதந்தது. உள்ளே அவனுடைய செருப்புக் கிடந்தது. நேவி தேடியது, சுழியோடிகள் தேடினார்கள், கடல் ஒன்றையும் திருப்பித் தரவில்லை.

கடன்காரர் மட்டும் தவறாமல் வந்தார்கள். அவள் தாலிக்கொடியை விற்றாள். வீட்டின் முன்பக்கத்தை வாடகைக்கு விட்டுக் குசினியில் அடுப்போரம் படுத்தாள். விடியுமுன் எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து, கடைசிச் சதம் வரை கட்டி முடித்தாள். செத்தவன் பேரில் பழி நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

இப்போது அதே படகில் வெள்ளைக்காரரைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போக ஒரு கொம்பனி. பெயர் எப்போதோ தயார்.

"றிக்தர் பிறைவேற் லிமிட்டெட்," என்றாள்.

"அதென்ன அக்கா பேர்?"

"படகில அவர் தன்ர கையால எழுதின பேர். றிக்சன்ட றிக், தர்ஷனாட தர்."

நஸ்ரியா தலையாட்டினாள். இரண்டு பேரின் பெயரை வெட்டி ஒட்டாத பெயர்ப்பலகை திருகோணமலையில் எத்தனை இருக்கிறது! "தர்ஷனா மகளோ?"

"பிறக்கேல்லை. பொம்பிளைப் பிள்ளை பிறந்தால் தர்ஷனா எண்டு வைப்பமெண்டு முன்கூட்டியே எழுதிட்டார். என்ர பேரைப் போடுங்கோ எண்டு நான் சண்டை பிடிச்சனான். பிள்ளையோடயும் போட்டியோ எண்டு கேட்டார்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிள்ளையும் வரவில்லை, புருஷனும் போய்விட்டான். அவளுக்கு இரண்டும் அந்தப் பெயர்தான்.

நஸ்ரியா கொம்பியூட்டரில் பெயரைத் தட்டினாள். தட்டியவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"எடுபட்டிட்டுதக்கா. போன வருசம் நீர்கொழும்பில ஒரு போட் கொம்பனி இதே பேரில பதிஞ்சிருக்கு. ஒரே பேரை ரெண்டு கொம்பனிக்குத் தரமாட்டினம்."

"இருக்காது! வடிவாப் பாருங்கோ."

"பார்த்திட்டன். றிக்நிரோ எண்டு வைப்பமே? அதுவும் நல்லாத்தானே இருக்கு."

"எனக்கு என்ர பேர் வேண்டாம்!" நிரோஷினி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். "ஆரோ எங்கட படகைப் பார்த்துக் களவெடுத்திருக்கிறான். செத்த மனிசனிட்டக் களவெடுத்தவன் நல்லா இருப்பானோ? அவன்ர குடும்பம் விளங்குமோ?"

பிறகு தானே பயந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அவையிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ தங்கச்சி. அவை வேற பேருக்கு மாறினால் இது எனக்கு வரும்தானே? நான் அழுது கேட்டால் இரங்குவினம்."

நடக்காத கதை என்று நஸ்ரியாவுக்குத் தெரியும். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து மறுக்க மனம் வரவில்லை. எங்கெங்கோ தேடி நம்பரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

எடுத்தது ஒரு பெண். பேச்சு திருகோணமலைப் பேச்சாகவே இருந்தது. கணவனைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி, அவன் நினைவாக இந்தப் பெயரைக் கேட்கிறாள் என்று நஸ்ரியா பக்குவமாகச் சொன்னாள்.

"ஐயோ பாவம்," என்றது அந்தக் குரல். உண்மையாகவே இரங்கியது. "ஆனா எங்கட ரெண்டு பேரிட பேரையும் சேர்த்து இவர் ஆசையா வச்சது மிஸ். நான் சும்மா பேருக்குத்தான் டைரக்டர். எல்லாம் இவர்தான் பார்க்கிறது. பிள்ளையை நித்திரையாக்கிறார், பொறுங்கோ குடுக்கிறன்."

ஒரு குழந்தை சிணுங்கியது. யாரோ அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வரும் சத்தம் கேட்டது. நிரோஷினி கண்ணைத் துடைத்து, முகம் தெரியாத அந்தப் புண்ணியவானை ஐயா என்று கூப்பிட்டுக் கெஞ்சுவதற்கு ஃபோன் பக்கம் குனிந்தாள்.

"சொல்லுங்கோ, ராசா."