ஆறாத தசைநார்

கூடத்தில் நாலு பேர் இருந்தார்கள்: முக்காலியில் காலை நீட்டியிருந்த மகள், அவள் அம்மா, மாப்பிள்ளை, பிசியோதெரபி டாக்டரம்மா.

“எலும்பு முறிஞ்சவனே எழுந்து ஓடுறான். படியில விழுந்ததுக்கு இத்தனை மாசமா?” என்றார் மாப்பிள்ளை.

“தசைநாருக்கு ரத்த ஓட்டம் கம்மி சார். மெதுவாத்தான் ஆறும். அவசரப்பட்டா மறுபடி கிழிஞ்சிடும்,” என்றாள் டாக்டரம்மா.

“அதுவரைக்கும் எனக்கு யாரு சமைச்சுக் கொட்டுறது?”

“உங்க கை நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை?” என்றாள் அம்மா.

அவர் முறைத்துவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் மகள் எழுந்தாள். கொஞ்சமும் நொண்டாமல் நடந்து வந்தாள்.

“கால் எப்பவோ சரியாயிடுச்சு. இன்னும் எவ்வளவு நாளைக்கும்மா நான் பொய் சொல்றது?” என்றாள் டாக்டரம்மா.

“மறுபடியும் படியிலேர்ந்து என்னைத் தள்ளிவிட மாட்டாருன்னு உத்தரவாதம் கொடுங்க. இன்னைக்கே போறேன்.”

டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். மகள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.