பாக்கெட் பால்

"ருமியானா, விஷயம் தெரியுமா? உன் தம்பி பொண்டாட்டி சூப்பர் மார்க்கெட்ல நிக்கிறா. கையில என்ன தெரியுமா? பாக்கெட் பால்!"

வாடிக்கைக்காரி ஒருத்தி சொன்னதும், சந்தையில் பாலாடைக்கட்டி அறுத்துக்கொண்டிருந்த ருமியானாவின் கத்தி பாதியில் நின்றது.

பதினோரு பசு வைத்திருப்பவள் அவள். 'ருமியானா தயிர்' என்றால் ஸ்மோல்யான் ஊரில் வரிசையில் நின்று வாங்குவார்கள். அந்த வீட்டு மருமகள் கையில் பாக்கெட் பாலா?

அதைவிடப் பெரிய ஆத்திரம் ஒன்று இருந்தது. போன மாதம் புனித ஜார்ஜ் திருநாள் விருந்தில், அத்தனை பேர் முன்னால் தம்பி மனைவி கலினா தயிர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்திருந்தாள்.

"எனக்குப் பால், தயிர், வெண்ணெய் எதுவும் வேண்டாம் அண்ணி. நான் சாப்பிட்டா தாய்ப்பால் வழியா ஆசெனுக்குப் போகுது. அவனுக்கு ஒத்துக்கலையோன்னு சந்தேகம்."

விருந்தே சிரித்தது. ருமியானாதான் முதலில் சிரித்தாள்.

இப்போது கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் தம்பி வீட்டுக்கு நடந்தாள். தம்பி ஸ்தோயன் லாரி ஓட்டிக்கொண்டு ஜெர்மனிப் பக்கம் போயிருந்தான்.

கலினா சமையலறையில் நின்றபடி, மருந்து குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாத ஆசென் தொட்டிலில் தூங்கினான்.

"என்னடி இது? என் தயிர் விஷம், கடைப்பால் அமிர்தமா?"

"உக்காருங்க அண்ணி. இது டாக்டர் சொன்ன பரிசோதனை."

"எந்த டாக்டர்? நீதான் ஊர்ல ஒரு டாக்டர் விடாம பாக்குறியே!"

"இவன் வீறிட்டு அழுததுக்கு முதல் டாக்டர் வாயுன்னாரு. ரெண்டாவது டாக்டர் கன்னத்துல தடவ களிம்பு கொடுத்தாரு. டயப்பர்ல ரத்தம் இருக்குன்னு காட்டினேன், 'முதல் பிள்ளையா, அதான் பயப்படுறே'ன்னாரு. பிளவ்திவ் டவுன் டாக்டரம்மாதான் முழுசாக் கேட்டாங்க. இந்த வகை அலர்ஜி ரத்தப் பரிசோதனையில தெரியாதாம். நாலு வாரம் நான் பாலைத் தொடக்கூடாது. அப்புறம் மறுபடி குடிச்சுப் பாக்கணும். திரும்ப வந்துச்சுன்னா அதுதான்."

ருமியானா தொட்டிலை எட்டிப் பார்த்தாள். புண்ணாக இருந்த கன்னம் இப்போது வழவழவென்று இருந்தது.

"அதான் சரியாயிட்டானே! அப்புறம் எதுக்கு மறுபடி?"

"பால்தானா, வேற ஏதாவதான்னு தெரிஞ்சாகணும் அண்ணி. சந்தேகத்தை வெச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுறது?"

"சரி, குடிக்கிறதுன்னு ஆச்சு. என் பாலைக் குடிச்சா என்ன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கறந்து கொண்டுவந்து கொடுத்திருக்க மாட்டேனா?"

கலினா திரும்பி நின்று டம்ளரைக் கழுவினாள்.

"திமிரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள் ருமியானா.

மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது.

"அண்ணி, கொஞ்சம் வர முடியுமா?"

ருமியானா போனபோது ஆசென் கால்களை வயிற்றோடு மடக்கி, முதுகை வில்லாக வளைத்து வீறிட்டான். இரண்டு கன்னமும் சிவந்து நீர் கசிந்தது. டயப்பரில் சிவப்பாக ஒரு இழை.

ருமியானா டயப்பரைக் குனிந்து பார்த்தாள். பிறகு கார் சாவியை எடுத்தாள்.

"கிளம்பு. பிளவ்திவ் போகலாம்."

டாக்டரம்மா குழந்தையைப் பார்த்தார். பிறகு கலினாவின் நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தார். என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்கு, பிள்ளை எப்போது அழுதான், எவ்வளவு தூங்கினான், எல்லாம் அதில் இருந்தது.

"பசும்பால் அலர்ஜிதான். இனி சந்தேகமே இல்ல. நீங்க பாலை நிறுத்திட்டா பிள்ளை தேறிடுவான். முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்கு வளர வளர இது போயிடும், பயப்படாதீங்க." பேனாவை எடுத்தார். "இதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, நீங்கதான். நான் கையெழுத்து மட்டும்தான் போடறேன்."

ருமியானா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுப் பொண்ணு, டாக்டர்! ரெண்டு பேர் போ போன்னு அனுப்பியும் விடல. ஒரு மாசம் வெண்ணெயைக் கண்ணால பாக்கல. விருந்துல நாங்க சிரிச்சோம், அப்பக்கூட அசையல. பிடிச்சா பிடிதான்."

கலினா முகம் சிவந்து, டயப்பர் மாற்றக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

கதவு மூடியதும் ருமியானா குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? என் மாட்டுப் பாலைக் குடிச்சிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமா?"

"எந்த மாட்டுப் பாலானாலும் இப்படித்தான்."

"அப்ப அதையே குடிக்கச் சொல்லியிருக்கலாமே! சொந்தப் பண்ணையை வெச்சுக்கிட்டுப் பாக்கெட் பால் வாங்கினாளேன்னு ஊரே பேசுது. எனக்கு எப்படி இருக்கும்?"

"சொன்னேனே! வீட்லயே பண்ணை இருக்குன்னதும், அந்தப் பாலே போதும்னுதான் சொன்னேன். முடியவே முடியாதுன்னுட்டாங்க."

"ஏனாம்?"

டாக்டரம்மா நோட்டுப் புத்தகத்தை மூடி அவளிடம் நீட்டினார்.

"'எங்க அண்ணி பாலைக் குடிச்சு என் பிள்ளைக்கு வந்துச்சுன்னா, சந்தையில அலர்ஜின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ருமியானா பால்னுதான் சொல்லுவாங்க. முப்பது வருஷமா அவங்க சம்பாதிச்ச பேரு, என் பிள்ளையால போயிடக்கூடாது'ன்னாங்க."